ஜெரோமின் ‘பிக்மாலியனும் கலாத்தேயாவும்’: எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்கும் முறை

ஐரோப்பிய அகாடமி பாணியை, அதாவது கலைக்கல்லூரிகள் கற்பித்த வழவழப்பான தத்ரூப ஓவிய முறையை, உருப்படியாகக் கற்க வேண்டுமானால், நல்ல படம் ஒன்றை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை நகலெடுத்துப் பார்ப்பதுதான் வழி. அதற்குப் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் இந்தப் படத்தை நாங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதில் ஒரே உடம்பில் பாதி கல், பாதி தசை. கால்கள் பளிங்கு, முதுகு ரத்தம் ஓடும் தோல். கல் எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த இடம் பிசகினால், மற்ற எல்லாம் நன்றாக வந்திருந்தாலும் இரண்டு உடம்பை வெட்டி ஒட்டியதாகத்தான் தெரியும். அதனால் கேன்வாஸ் தயாரிப்பிலிருந்து கடைசிப் பூச்சுவரை எல்லா வேலையையும் அந்த ஓர் இடத்தை மனதில் வைத்தே செய்ய வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சைப்ரஸ் தீவில் பிக்மாலியன் என்ற சிற்பி தான் செதுக்கிய பெண் சிலை மீதே காதல் கொள்கிறான். காதல் தேவி வீனஸின் திருவிழாவில் வேண்டிக்கொள்கிறான்; வீட்டுக்கு வந்து முத்தமிடும்போது சிலை உயிர் பெறுகிறது. கிரேக்கக் கதையை ரோமக் கவி ஓவிட் ‘மெட்டமார்ஃபஸிஸ்’ பத்தாம் காண்டத்தில் பாடியிருக்கிறார். அதில் சிலை தந்தத்தால் ஆனது, பெயரும் கிடையாது. கலாத்தேயா என்பது பிற்காலத்தில் வந்த பெயர். ஜெரோம் தந்தத்தைப் பளிங்காக மாற்றிக்கொண்டார். ஒரு சிற்பியின் கண்ணோடு எடுத்த முடிவு அது. 1824 முதல் 1904 வரை வாழ்ந்த அவர், 1864 முதல் பாரிஸின் நுண்கலைக் கல்லூரியான எக்கோல் தே போசாரில் ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் சிற்பமும் செய்தார். இதே கதையைப் பளிங்கில் செதுக்கி வண்ணமும் ஏற்றியிருக்கிறார். அந்தச் சிற்பம் கலிஃபோர்னியாவின் ஹர்ஸ்ட் மாளிகையில் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் வெவ்வேறு கோணத்தில் மூன்று படங்கள் வரைந்தார். நாம் எடுப்பது சுமார் 1890இல் வரைந்தது, பெண்ணை முதுகுப் பக்கமாகக் காட்டுவது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ளது. அளவு 88.9 × 68.6 செ.மீ., அதாவது 35 × 27 அங்குலம்.

படமும் அளவும்

மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல் காப்புரிமை இல்லாத தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது. அங்கிருந்தே இறக்குங்கள். வேறு இடங்களில் கிடைப்பவற்றில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், சிவப்பும் ஏற்றப்பட்டிருக்கும். இறக்கியதும் உயரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 1.296க்குப் பக்கத்தில் வந்தால் முழுப் படம்.

மூல அளவிலேயே நகல் எடுக்காதீர்கள். பாரிஸ் லூவ்ரில் உட்கார்ந்து நகலெடுப்பவர்களுக்கும் மூல அளவில் வரைய அனுமதி இல்லை. முக்கால் அளவு வசதியானது: 26¼ × 20¼ அங்குலம். A3 மேட் காகிதத்தில் இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வண்ணத்தில், ஒன்று கருப்பு-வெள்ளையில். அகலத்தை 29.7 செ.மீ. முழுக்க வைத்தால் உயரம் 38.5 செ.மீ. வரும். ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்ட் தோலின் நிறத்தைக் கெடுத்துவிடும். ஃபோட்டோ லேப்பில் போடுவது நல்லது. வண்ணத்துக்குத் திரையைப் பாருங்கள், வெளிச்ச-நிழலுக்குக் கருப்பு-வெள்ளைத் தாளைப் பாருங்கள்.

எந்த மாதம், எந்த ஜன்னல்

‘வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரை’ என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது பாரிசுக்குச் சரி. நம் திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கிறது. காலை, மாலை வெயில் அதற்கும் முன்பே வடக்கு ஜன்னலில் சாய்வாக விழ ஆரம்பித்துவிடும். நேர்வெயில் பட்ட கேன்வாஸில் பளிங்கின் மென்சாம்பல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் வேலை செய்தே ஆக வேண்டுமானால் ஜன்னலில் நாலு முழ வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். கரை வண்ணமுள்ள வேட்டி வேண்டாம். அந்த நிறம் சுவரில் பட்டுத் தெறிக்கும்.

எங்களைக் கேட்டால் தை, மாசி, பங்குனிதான் இதற்கு வாகான காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெளிச்சம் நிலையாக இருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, தென்காசிப் பக்கம் சாரலைக் கொடுத்துவிட்டு நெல்லைக்கு வரும்போது புழுதியைத்தான் கொண்டுவரும். ஈர வண்ணத்தில் ஒட்டிய தூசியை எடுக்கவே முடியாது. காற்றுக் காலத்தில், வேலை தொடங்கும் முன் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். காயவைக்கும்போது படத்தின் முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதத்தால் காய்வது தாமதமாகும், அவ்வளவுதான்.

கேன்வாஸ்

ஆசாரியிடம் ஒன்றரை அங்குல ரீப்பரில், நன்கு காய்ந்த தேக்கில் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். மூலைகளைப் பசை போட்டு இறுக்க வேண்டாம். ஆப்பு வைக்க இடம் விட்டு இணைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். சட்டத்தின் முன்பக்க உள்விளிம்பை இழைத்துச் சரிக்கச் சொல்ல மறக்காதீர்கள். சரிக்காவிட்டால் சில மாதங்களில் அந்த விளிம்பு படத்தின் முன்னால் கோடாகத் தெரியும்.

துணி நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக, 30¼ × 24¼ அங்குலம் வேண்டும். நெருக்கமாக நெய்த கனமான பருத்திக் கேன்வாஸ் போதும். சாதாரணக் காடாத் துணி வேண்டாம். இழை தெரிந்தால் ஜெரோமின் வழவழப்பு வராது. நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஆணி அடியுங்கள்.

அக்ரிலிக் ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) நாலு கை. ஒரு கை குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாள், கடைசிக்கு 320. சுவருக்கு அடிக்கும் பிரைமரோ பட்டியோ பயன்படுத்தாதீர்கள். எண்ணெயை உறிஞ்சிக் குடித்துவிடும், வண்ணம் செத்துச் சுண்ணாம்பாகும். சோதனை எளிது: ஓரத்தில் ஒரு சொட்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் அது மங்கி உள்ளே போய்விட்டால் இன்னொரு கை தேவை.

கோடு

கட்டம் போட்டே எடுங்கள். மூலப் படத்தில் 3 அங்குலச் சதுரம் என்று கணக்கு வைத்தால் நகலில் அது 2¼ அங்குலம். அகலத்தில் 9 சதுரம் சரியாக அமையும். உயரத்தில் 11 முழுச் சதுரம் போக, கடைசி வரிசை 1½ அங்குலம்தான் இருக்கும். பிரிண்டில் அகலத்தை 9ஆக வகுத்து 3.3 செ.மீ. கட்டம் போட்டால் இதே கணக்கு வரும்.

கோடு போடுவதற்கான கரிக்கோல் கடையில் கிடைக்கும். வீட்டிலும் செய்யலாம்: பென்சில் கனப் புளியங்குச்சிகளைத் தோலுரித்து, தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணித்துளை ஒன்று போட்டு நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி எல்லாம் சாம்பலாகிவிடும்.

உருவத்தை வரையும்போது தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதற்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி ஒவ்வொரு விளிம்பும் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே எல்லாரும் செய்யும் பிழை, கால்களையும் உயிருள்ள பெண்ணின் கால்களாக வளைத்துவிடுவது. கால் இன்னும் பீடத்தோடு பிறந்த கல். சிலை எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது. குனிவும் திருகலும் இடுப்பிலிருந்து மேலேதான். இந்த இடுப்புத் திருகலைப் பழக நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில், நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களைப் பாருங்கள். குறத்தி சிற்பத்தில் இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். கோயில் ஊழியர்களிடம் சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து, பென்சிலில் அந்தத் திருகலை மட்டும் பத்துப் பதினைந்து முறை போட்டுப் பாருங்கள். கரும்பு வில்லோடு மன்மதனும் அங்கே நிற்கிறான். ஜெரோமின் படத்தில் பின்னணியில் வில்லேந்திய சிறுவனாக வருபவனும் அதே வேலைக்காரன்தான்.

கோடு சரி என்று தோன்றியதும், ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைன் என்ற கரைப்பானில் நீர்க்கக் கரைத்து மெல்லிய பிரஷால் கோட்டின் மேல் ஓட்டுங்கள். காய்ந்ததும் கரியைத் துணியால் தட்டிவிடுங்கள். கரித்தூள் மிஞ்சினால் பின்னால் தோல் நிறத்தில் கலந்து அழுக்காக்கும்.

வண்ணங்கள்

வெள்ளை 120 மி.லி., மற்றவை சிறிய டியூப் போதும்: யெல்லோ ஓக்கர், லைட் ரெட், வெர்மிலியன் ஹ்யூ, பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அல்ட்ராமரின், ஐவரி பிளாக், கிரிம்சன். வெள்ளை வாங்கும்போது டியூப்பின் பின்னால் உள்ள நிறமி எண்ணைப் பாருங்கள். பி.டபிள்யூ.6 (PW6) என்றால் டைட்டானியம். கூடவே பி.டபிள்யூ.4 (PW4) இருந்தால் ஜிங்க் கலந்தது. நாளடைவில் விறைத்து வெடிக்கும். ஜெரோம் காலத்தவர்கள் ஈய வெள்ளை பயன்படுத்தினார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். கிரிம்சனில் பி.ஆர்.83 (PR83) என்று இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லிய பூச்சில் அது வெளிச்சம் பட்டு வெளிறிப்போகும். நம் படத்தில் உயிர் வந்த பகுதியின் சிவப்பே அதைத்தான் நம்பியிருக்கிறது. ‘பெர்மனென்ட்’ வகை வாங்குங்கள்.

எண்ணெய் ஓவியத்துக்கான சுத்திகரித்த லின்சீட் வேண்டும். ஹார்டுவேர் கடை ‘டபுள் பாயில்டு’ கதவுக்கு அடிப்பதற்கு, மஞ்சளித்துவிடும். பெயின்ட் கடைத் தின்னரும் ஆகாது.

முதல் அடுக்கு

கேன்வாஸை வெள்ளையாக வைத்துக்கொண்டு இந்தப் படத்தைத் தொடங்கக்கூடாது. வெள்ளைத் துணிமேல் எந்தச் சாம்பலும் கறுப்பாகத் தெரியும். பளிங்கை எதோடு ஒப்பிட்டு வெள்ளை என்பது? ரா அம்பரோடு கொஞ்சம் ஓக்கர் சேர்த்து, டர்பன்டைனில் கரைத்து முழுவதும் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். நடுத்தரப் பழுப்பு நிற்க வேண்டும்.

அது காய்ந்தபின் வெள்ளை, ரா அம்பர், சிறிது கறுப்பு, இந்த மூன்றில் மட்டும் முழுப் படத்தையும் வெளிச்ச-நிழலாக முடியுங்கள். அட்டையில் வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஒன்பது படி செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி, சிற்பக்கூடச் சாமான்கள், முகமூடிகள், பீடம் எல்லாவற்றையும் முதலில் அடக்கிவிட்டுக் கடைசியாக உருவத்துக்கு வாருங்கள். தொடைப் பகுதியில் ஒன்றைக் கட்டாயமாகக் கவனியுங்கள்: வெளிச்சப் பக்கத்தில் கல்லிலிருந்து தோலுக்குப் போகும்போது அழுத்தம் (வெளிச்ச-இருள் அளவு) ஒரு படிக்கு மேல் இறங்கக்கூடாது. செல்போனில் கருப்பு-வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் எல்லைக் கோடு தெரிந்தால், பின்னால் எந்த வண்ணத்தாலும் அதை மறைக்க முடியாது.

இந்த அடுக்குக்கு எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. அடுத்ததற்கு ஒன்றுக்கு ஒன்று. கடைசிக்கு எண்ணெய் இரண்டு, டர்பன்டைன் ஒன்று. தலைகீழாகச் செய்தால், எண்ணெய் கூடிய கீழ் அடுக்கு மெதுவாகக் காய்ந்து அசைந்துகொண்டே இருக்கும், மேலே முன்னதாகக் காய்ந்த தோல் பிளக்கும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் விரைவில் காயும். டைட்டானியமும் ஐவரி பிளாக்கும் தாமதிக்கும். கறுப்பை நிறையச் சேர்க்காதீர்கள் என்பது அதனால்தான்.

கல்லிலிருந்து தோலுக்கு

முதலில் பளிங்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கோயில்களின் கருங்கல்லில் வெளிச்சம் மேற்பரப்போடு நின்றுவிடும்; நிழல் எல்லை வெட்டினாற்போல இருக்கும். பளிங்குக்குள் வெளிச்சம் கொஞ்ச தூரம் நுழைந்து திரும்பும். நுங்குச் சுளையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரம் ஒளிர்ந்து, நிழல் இருக்கும் இடம் கூட உள்ளிருந்து வெளுத்திருக்கும். பளிங்குக் காலின் நிழல் அந்தத் தன்மையில் வர வேண்டும். எனவே கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் உதவாது, சிமென்ட் ஆகிவிடும்.

கலவை இப்படி. பளிங்கின் வெளிச்சம்: வெள்ளை இருபது பங்குக்கு ஓக்கர் ஒரு பங்கு. நடுத்தரம்: வெள்ளையோடு ரா அம்பர் சிறிது, அல்ட்ராமரின் கத்தி நுனியில் ஒட்டும் அளவு. நிழல்: அதே கலவையில் அம்பர் கூட, பீடத்தின் பக்கம் எதிரொளி விழும் இடத்தில் ஓக்கர் ஒரு துளி. தோலின் வெளிச்சம்: வெள்ளை எட்டு, ஓக்கர் ஒன்று, வெர்மிலியன் அரை. தோலின் நடுத்தரம்: அதில் ரா அம்பரும் அல்ட்ராமரின் துளியும். வெளிச்சம் நிழலாகத் திரும்பும் விளிம்பில் இந்த நீலச்சாம்பல் இல்லாவிட்டால் உடம்பு பொம்மையாகிவிடும். தோலின் நிழல்: பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், கிரிம்சன் சொட்டு. இவை தொடக்கக் கலவைகள்தான். டியூப்புக்கு டியூப் வலு மாறும் என்பதால் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி பாலம். பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) ஒரு முனையில் பளிங்கு வெளிச்சம், மறுமுனையில் தோல் வெளிச்சம், நடுவில் படிப்படியாக மூன்று குவியல், ஆக ஐந்து. நடுத்தரத்துக்கும் நிழலுக்கும் இதேபோல் ஐந்தைந்து. வரிசையைச் செல்போனில் கருப்பு-வெள்ளையாகப் பாருங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே அழுத்தமாகத் தெரிய வேண்டும். தோல் முனை சற்று இறங்கியிருக்கலாம். மாற வேண்டியது குளிர்ச்சியும் வெதுவெதுப்பும் மட்டுமே.

பூசும்போது பட்டை பட்டையாகக் கிடைக்கோட்டில் வைக்காதீர்கள். சூடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் ஏறக்கூடாது. நிழல் பக்கத்தில் சற்றுக் கீழேயே தொடங்கட்டும், வெளிச்சப் பக்கத்தில் தாமதமாக வரட்டும். உள்ளே ரத்தம் பரவுகிறது என்ற உணர்வு இதிலிருந்துதான் கிடைக்கும். பூசி அரை மணி கழித்து, காய்ந்த மென்மையான மாப் பிரஷால் (முடி அடர்ந்த உருண்டைப் பிரஷ்) தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். முதலில் உருவத்தின் வளைவுக்குக் குறுக்கே, பிறகு ஒரே ஒரு முறை வளைவோடு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துணியில் துடையுங்கள். துடைக்காத பிரஷ் தோல் நிறத்தைக் கல்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சித்திரை வெயிலில் கலவை பேலட்டிலேயே இழுபடத் தொடங்கும். ஒரு குவியலுக்கு ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் சேர்த்தால் காய்வது தள்ளிப்போகும். அதற்குமேல் சேர்த்தால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.

இந்த வட்டாரத்தில் படம் பழகியவர்களுக்கு இன்னொரு சொல். கோவில்பட்டி கொண்டையராஜு வழி வந்த காலண்டர் ஓவியத்தில் சாமி முகம் எந்தப் பக்கமும் இருளில் விழக்கூடாது; பக்தர் பார்க்கும் முகம் அது, அதனால் வெளிச்சம் எங்கும் நிறைந்திருக்கும். அந்தக் கலைக்கு அது முறை. இங்கே நிழல்தான் முதுகின் திரட்சியைத் தூக்கிக் காட்டுகிறது. அதை அழகுபடுத்தி வெளுக்க வைத்தால் படம் தட்டையாகும். கன்னச் சிவப்பு போடும் பழக்கமும் கையை இழுக்கும். அதற்கு ஓர் அளவுகோல்: பிக்மாலியனின் கைத் தோல் நிறத்தை முதலில் முடித்துவிடுங்கள். அவன் நிறம் கறுத்தது, வெயில் பட்டது. கலாத்தேயாவின் மிகச் சிவந்த இடம்கூட அதை எட்டக்கூடாது.

அடுக்கு நன்றாகக் காய்ந்தபின், நகத்தால் அழுத்தித் தடம் விழாவிட்டால் மட்டும், கிரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும் எண்ணெயில் கண்ணாடியாகக் கரைத்து முதுகின் நிழலோரங்களில் மிக மெல்லியதாகத் தேயுங்கள். கூடினால் உடனே துணியால் துடைத்துவிடலாம். கால்களில் இது படவே கூடாது.

பின்வேலை

சில இடங்கள் மங்கிப் போயிருக்கும். லின்சீட், டர்பன்டைன் சமமாகக் கலந்து, துணியில் தொட்டுத் தேய்த்து, உடனே துடையுங்கள். உண்மை நிறம் திரும்பும். இறுதி வார்னிஷ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் பொறுத்தே. இருட்டறையில் பூட்டி வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். நேர்வெயில் படாத வெளிச்சமான அறையில் வையுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். நம் ஊர் வெக்கையில் இது வெறும் பயமுறுத்தல் அல்ல. வேலை முடிந்ததும் தண்ணீர் வாளியில் அமுக்கி வைத்து, பிறகு வெளியே விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

மாட்டும்போது மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஜெரோம் தன் பெயரைச் சிலையின் பீடத்தில் எழுதியிருக்கிறார். நகலில் அந்த இடத்தை வெறும் கல்லாக விட்டுவிடுங்கள். துணியின் பின்பக்கம், சட்டக் கட்டையில், ‘ஜெரோமின் மூலத்திலிருந்து நகல், முக்கால் அளவு’ என்று எழுதி, உங்கள் பெயர், ஆண்டு, பூசிய வெள்ளை, வார்னிஷ் பெயர் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பின்னால் யாராவது சுத்தம் செய்ய நேர்ந்தால் அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது இந்த விவரம்தான்.